ஒரே மரபணுவில் மூன்று ஹார்மோன்கள்

இப்போது எங்கே போனாலும் எடை குறைக்கும் ஊசியைப் பற்றித்தான் பேச்சு. 2025-ல் மவுஞ்சாரோவும் வெகோவியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததிலிருந்து கல்யாணப் பந்தியில்கூட செமாகுளுடைடு, டிர்செபடைடு என்ற பெயர்கள் அடிபடுகின்றன. விலை என்ன, வாந்தி வருமா, நிறுத்தினால் எடை திரும்ப ஏறுமா என்றெல்லாம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்த மருந்துகள் பின்பற்றும் ஜிஎல்பி-1 (குளுக்ககான் போன்ற பெப்டைடு-1) என்ற ஹார்மோன் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கதை அதைவிடப் பெரியது, அதைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் இந்தப் பதிவு.

ஹார்மோன்களை வழக்கமாக எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஓர் உறுப்பை அரைத்து, சாறு எடுத்து, விலங்குக்கு ஊசியாகப் போட்டு, என்ன நடக்கிறது என்று பார்த்துத்தான். முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட செக்ரடின் அப்படித்தான் வந்தது. 1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவரும் நாயின் சிறுகுடல் உட்சவ்வைச் சுரண்டி எடுத்து, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, ரத்தக்குழாயில் செலுத்தினார்கள். கணையம் உடனே சுரக்கத் தொடங்கியது. நரம்பு எதுவும் இல்லாமலேயே குடல் கணையத்தோடு பேசுகிறது என்பது அன்று தெரிந்தது. முதலில் வேலை தெரியும், பிறகு பொருளைப் பிரித்தெடுப்பார்கள், அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்து அதன் மரபணு கிடைக்கும். இதுதான் வரிசை.

ஜிஎல்பி-1 விஷயத்தில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது. முதலில் மரபணுவைப் படித்தார்கள். அதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு ஹார்மோனின் எழுத்துகள் இருந்தன. அது என்ன வேலை செய்கிறது என்பதை அப்புறம்தான் தேடிப் போனார்கள்.

குடலிலிருந்து ஏதோ ஒன்று வந்து இன்சுலினைத் தூண்டுகிறது என்ற சந்தேகம் முன்பே இருந்ததுதான். 1964-ல் செய்த சோதனைகளில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது: குளுக்கோஸை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் வரும் இன்சுலினைவிட, வாய்வழியாகக் குடித்தால் வரும் இன்சுலின் அதிகம். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக ஏறியதால் வந்த வித்தியாசமும் அல்ல அது. அப்படியானால் குடல் ஏதோ ஒரு சேதி அனுப்புகிறது. அந்தச் சேதிக்கு இன்க்ரெடின் என்று பெயர். ஜிஐபி என்ற ஹார்மோன் 1970-களில் கிடைத்தது, ஆனால் கணக்கு முழுதாகத் தீரவில்லை. இன்னொன்று இருக்க வேண்டும் என்பது தெரியும். அது எது என்று தெரியாது.

இந்த இடத்தில்தான் மீன் வருகிறது.

பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜோயல் ஹேபனர் என்பவரின் ஆய்வகம். குளுக்ககான் என்ற ஹார்மோன் எந்த மரபணுவிலிருந்து வருகிறது என்று பார்க்க நினைத்தார். குளுக்ககான் இன்சுலினுக்கு நேர் எதிர், கல்லீரலில் சேமித்த சர்க்கரையை ரத்தத்துக்குள் தள்ளும். அப்போது மரபணுவை வெட்டி பாக்டீரியாவுக்குள் வைக்கும் தொழில்நுட்பம் புதிது, எல்லோருக்கும் பயம். 1976-ல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் விதிமுறைகள் கொண்டு வந்தது. பாலூட்டிகளின் மரபணுவைத் தொட வேண்டுமென்றால் கடும் கட்டுப்பாடு, மீன், தவளை போன்ற குளிர் ரத்தப் பிராணிகளுக்கு அவ்வளவு இல்லை. ஹேபனர் ஆங்லர் மீனைத் தேர்ந்தெடுத்தார். தலையின் மேல் தூண்டில் போல ஒரு முள்ளை நீட்டிக்கொண்டு, உடம்பில் பாதி வாயாகவே இருக்கும் அட்லாண்டிக் கடல் மீன்.

விதிமுறைக்காகத்தான் மீன் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். இந்த மீனில் வேறொரு பெரிய வசதி இருக்கிறது. நம் கணையத்தில் பெரும்பகுதி செரிமான நொதிகளைச் சுரக்கும் திசு, ஹார்மோன் சுரக்கும் செல்கள் அதற்குள் சின்னச் சின்னத் தீவுகளாகச் சிதறிக் கிடக்கின்றன, மொத்த எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். கணையத்தை அப்படியே அரைத்தால், மரபணுவின் நகலான ஆர்என்ஏ-வை அழிக்கும் நொதி நமக்கு வேண்டியதைத் தின்றுவிடும். ஆங்லர் மீனில் அந்தத் தீவுச் செல்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து தனி உருண்டையாக இருக்கின்றன, பிராக்மன் உறுப்பு என்று அதற்குப் பெயர். கத்தரித்துத் தனியே எடுத்துவிடலாம். 1922-லேயே இன்சுலினைக் கண்டுபிடித்த குழுவைச் சேர்ந்த மெக்லியாட், இன்சுலின் தீவுச் செல்களிலிருந்துதான் வருகிறது என்று காட்ட இதே மீனைத்தான் பயன்படுத்தினார். அறுபது வருடம் கழித்து அதே மீன், அதே காரணம்.

அவர்கள் செய்த வேலை இது. அந்த உருண்டையிலிருந்து தூது ஆர்என்ஏ-வைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு நொதியை வைத்து அதைத் திரும்ப டிஎன்ஏ-வாக மாற்றினார்கள். அந்த டிஎன்ஏ துண்டுகளை பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏ-க்களில் சேர்த்து ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் அனுப்பினார்கள். தட்டில் நூற்றுக்கணக்கான பாக்டீரியாப் புள்ளிகள் வளரும், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு துண்டின் லட்சக்கணக்கான நகல்கள். நமக்கு வேண்டியது எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். இன்று ஒரு இயந்திரம் ஓர் இரவில் செய்வதை அன்று ஜெல்லும் கதிரியக்கப் பாஸ்பரஸும் எக்ஸ்ரே படச்சுருளும் வைத்துக் கையால் செய்தார்கள்.

1982-ல் முடிவு வெளியானது. கிடைத்த புரதத்தின் நீளம் 124 அமினோ அமிலங்கள் (புரதச் சங்கிலியின் கண்ணிகள் அவை). குளுக்ககானுக்குத் தேவை 29 மட்டுமே. குளுக்ககான் முடிந்த பிறகும் வரிசை நீண்டுகொண்டே போனது. நீண்ட பகுதியைப் படித்துப் பார்த்தால் அது குளுக்ககான் மாதிரியே இருந்தது! அதேதான் என்றும் சொல்ல முடியாது, வேறு என்றும் சொல்ல முடியாது.

அடுத்த வருடம், 1983-ல், கலிஃபோர்னியாவில் கிரேம் பெல்லும் கூட்டாளிகளும் முதலில் ஹாம்ஸ்டரிலும் பிறகு மனிதரிலும் இதே மரபணுவைப் படித்தார்கள். பாலூட்டியில் புரதத்தின் நீளம் 180 அமினோ அமிலங்கள். அதில் குளுக்ககான் போன்ற பகுதி ஒன்றல்ல, இரண்டு கூடுதலாக இருந்தது. அவற்றுக்கு ஜிஎல்பி-1, ஜிஎல்பி-2 என்று பெயர் வைத்தார்கள். மனிதரின் இரண்டாம் குரோமோசோமில் சுமார் 9,400 எழுத்து நீளமுள்ள இடம், அதில் ஆறு எக்ஸான்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டுகள். மூன்றாவது எக்ஸானில் குளுக்ககான், நான்காவதில் ஜிஎல்பி-1, ஐந்தாவதில் ஜிஎல்பி-2. ஒவ்வொரு ஹார்மோனுக்கும் ஒரு எக்ஸான் என்று அவ்வளவு சுத்தமாக அமைந்திருக்கிறது. இதைப் பார்த்ததும் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமே இல்லை. எப்போதோ ஒரு மூதாதை உயிரினத்தில் குளுக்ககான் போன்ற ஒரே ஒரு எக்ஸான் இருந்திருக்கிறது. டிஎன்ஏ நகலெடுக்கும்போது அது இரண்டாகி, பிறகு மூன்றாகிவிட்டது. ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொள்ள, மற்றவை மெல்ல மெல்ல மாறத் தொடங்கின. லாம்பிரே என்ற தாடையில்லாத மீனின் மரபணுக்களையும் பிறகு படித்தார்கள். இந்த மூன்றாகப் பெருகிய சம்பவம், தாடையுள்ள மீன்களும் தாடையில்லாத மீன்களும் பிரிவதற்கு முன்பே நடந்துவிட்டது என்று அதிலிருந்து தெரிந்தது.

வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இதைவிட நேரடியான சான்று கிடையாது. குளுக்ககானின் முதல் ஒன்பது: ஹிஸ்டிடின், செரின், குளுட்டமின், கிளைசின், திரியோனின், ஃபினைல்அலனின், திரியோனின், செரின், அஸ்பார்ட்டிக் அமிலம். வேலை செய்யும் வடிவ ஜிஎல்பி-1-இன் முதல் ஒன்பது: ஹிஸ்டிடின், அலனின், குளுட்டாமிக் அமிலம், கிளைசின், திரியோனின், ஃபினைல்அலனின், திரியோனின், செரின், அஸ்பார்ட்டிக் அமிலம். இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் மட்டும் வேறு. முழு 29-லும் எண்ணினால் 14 இடங்கள் ஒன்றாகவே இருக்கின்றன. ஐம்பது கோடி வருடத்துக்கும் மேல் பிரிந்திருந்தும் இவ்வளவு ஒற்றுமை மிச்சம்.

இந்த ஒப்பீட்டைச் செய்து அதிலிருந்து சரியான முடிவுக்கு வந்தவர் ஸ்வெட்லானா மோய்சோவ். இந்தக் கதையில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் அவர்தான். அன்றைய யூகோஸ்லாவியாவில் ஸ்கோப்யே நகரில் பிறந்தவர். ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெரிஃபீல்டிடம் படித்தவர், குளுக்ககானை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிப்பதுதான் அவருடைய முனைவர் பட்ட வேலை. அதனால் அந்த 29 அமினோ அமிலங்களும் அவருக்கு அத்துப்படி. ஜிஎல்பி-1 மொத்தம் 37 அமினோ அமிலம் கொண்டது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் நொதிகள் வழக்கமாக வெட்டும் இடங்களை வைத்துக் கணக்கிட்டால் அப்படித்தான் வரும். அந்த 37-ஐத் தயாரித்துக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குப் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. மோய்சோவ் வரிசைகளைப் பொருத்திப் பார்த்தார். குளுக்ககானின் முதல் எழுத்தான ஹிஸ்டிடினோடு பொருந்துவது அந்த 37-இல் ஏழாவது எழுத்து. அப்படியானால் முதல் ஆறும் வெட்டுப்பட்டுப் போக வேண்டும், ஏழிலிருந்து தொடங்குவதுதான் உண்மையான ஹார்மோன் என்றார். இரண்டு வடிவங்களையும் தானே தயாரித்தார். அவரும் ஹேபனரும் கார்டன் வீரும் சேர்ந்து எலிக் கணையத்தில் சோதித்து 1987-ல் வெளியிட்டார்கள். ஏழிலிருந்து தொடங்கும் துண்டு நம்ப முடியாத அளவு குறைந்த செறிவிலேயே இன்சுலினைக் கொட்ட வைத்தது. முழு 37-ஐ அதைப் போலப் பத்தாயிரம் மடங்கு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அதே காலத்தில் டென்மார்க்கில் யென்ஸ் ஹோல்ஸ்டின் குழுவும் தனியாக இதே முடிவுக்கு வந்தது.

ஆனால் காப்புரிமைகளில் மோய்சோவின் பெயர் முதலில் இல்லை. பல வருடம் சட்டரீதியாகப் போராடிய பிறகுதான் சேர்த்தார்கள். விருதுகளும் நீண்ட காலம் அவரைத் தாண்டியே போயின. 2024-ல் லாஸ்கர் விருது ஹேபனர், மோய்சோவ், ஜிஎல்பி-1-ஐ மருந்தாக்குவதில் முன்னின்ற லோட்டே பியெர்ரே நுட்சன் மூவருக்கும் கிடைத்தது. தாமதம் என்றாலும் கிடைத்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

சரி, ஒரே மரபணு, ஒரே 180 நீளப் புரதம். அதில் சர்க்கரையை ஏற்றுகிற ஹார்மோனும் இருக்கிறது, இறக்குகிற ஹார்மோனும் இருக்கிறது. உடம்பு எப்படிக் குழம்பாமல் இருக்கிறது? வெட்டுவதில்தான் சூட்சுமம். கணையத்தின் ஆல்ஃபா செல்லில் பிசி2 என்ற நொதி இருக்கிறது, அது குளுக்ககானை வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் பயன்படாத துண்டாக விட்டுவிடுகிறது. குடலின் எல் செல்லில் இருப்பது பிசி1, அது ஜிஎல்பி-1, ஜிஎல்பி-2 இரண்டையும் எடுத்துவிட்டு, குளுக்ககானை ஒரு பெரிய துண்டுக்குள் அடைபட்டபடியே விடுகிறது. ஒரே துணியை இரண்டு தையல்காரர்களிடம் கொடுத்து ஒருவர் சட்டையும் இன்னொருவர் பாவாடையும் தைத்த மாதிரி. பட்டினியில் கணையம் குளுக்ககானை அனுப்புகிறது, சாப்பிட்டதும் குடல் ஜிஎல்பி-1-ஐ அனுப்புகிறது. மூளைத்தண்டிலும் சில நரம்பு செல்கள் ஜிஎல்பி-1 தயாரிக்கின்றன. பசி அடங்குவதில் மூளைக்குள் இந்த ஹார்மோனுக்குப் பங்கு உண்டு என்று 1996-ல் எலிகளில் காட்டினார்கள். அதே வருடம் ஜிஎல்பி-2 குடலின் உட்சவ்வை வளரவைக்கிறது என்பதும் தெரிந்தது. குடலின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்ட நோயாளிகளுக்கு இன்று டெடுகுளுடைடு என்ற மருந்து இருப்பது அதனால்தான்.

இப்போது பரிணாமப் பகுதிக்கு வருகிறேன், எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். மீன்களிலும் ஜிஎல்பி-1 இருக்கிறது என்று பார்த்தோம். அங்கே அது என்ன செய்கிறது தெரியுமா? கல்லீரலைத் தூண்டி ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. நம் உடம்பில் செய்வதற்கு நேர் எதிர், குளுக்ககான் செய்யும் அதே வேலை. உடனே நமக்கு என்ன தோன்றும்? மீன் பழையது, நாம் புதியவர்கள், அதனால் சர்க்கரை ஏற்றுவதுதான் ஆதி வேலை, இன்சுலினைத் தூண்டுவது பாலூட்டிகளில் பிறகு வந்தது என்று தோன்றும். பள்ளிப் புத்தகத்தில் மீன், தவளை, பல்லி, குரங்கு, மனிதன் என்று ஏணி போல வரைந்த படங்கள் நம் மண்டையில் பதிந்துபோனதன் விளைவு அது.

டொரன்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் இர்வின் ஹார்மோனோடு நிற்காமல் அதன் ஏற்பியின் (செல்லில் ஹார்மோன் வந்து உட்காரும் புரதம்) மரபணுவையும் ஒப்பிட்டார். 2005-ல் அவர் முன்வைத்த விளக்கம் வேறு. ஜிஎல்பி-1-க்கான அசல் ஏற்பி மீன் வழியில் தொலைந்துபோயிருக்கிறது. ஹார்மோன் மட்டும் இருந்தது, பிடித்துக்கொள்ள ஏற்பி இல்லை. பிறகு குளுக்ககானின் ஏற்பி மரபணு இரட்டித்து, அந்த நகல் ஜிஎல்பி-1-ஐப் பிடிக்கப் பழகிக்கொண்டது. அது குளுக்ககான் வீட்டுப் பிள்ளை, அதனால் குளுக்ககான் வேலையைத்தான் செய்கிறது. மோய்சோவ் ஆராய்ந்த வரிக்குதிரை மீனின் ஏற்பி ஜிஎல்பி-1, குளுக்ககான் இரண்டுக்கும் பதில் சொல்வதும் இதோடு நன்றாகப் பொருந்துகிறது. அதாவது இந்த விஷயத்தில் பழைய வழக்கத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது நாம், மாறிப்போனது மீன். இன்று உயிரோடு இருக்கும் மீன் நம் மூதாதை அல்ல, அதுவும் நம்மைப் போலவே அத்தனை கோடி வருடமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

மற்ற விலங்குகளிலும் கதை நேராகப் போவதில்லை. ஆப்பிரிக்க நகத்தவளையின் மரபணுவில் ஜிஎல்பி-1 மூன்று நகல்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ், ஜிஎல்பி-1-ஐக் குடலிலும் தயாரிக்கிறது, காலில் உள்ள விஷமுள்ளின் விஷத்திலும் தயாரிக்கிறது. அமெரிக்கப் பாலைவனத்தின் ஹீலா மான்ஸ்டர் பல்லியின் விஷ எச்சிலில் எக்சென்டின்-4 என்ற பொருளை ஜான் எங் கண்டுபிடித்து 1992-ல் வெளியிட்டார். நம் ஜிஎல்பி-1-ஓடு பாதிக்கு மேல் ஒத்துப்போகிறது, அதே ஏற்பியில் போய் உட்காருகிறது. ஆனால் அது பல்லியின் ஜிஎல்பி-1 அல்ல! பல்லிக்குக் குடலில் தனியே சொந்த ஜிஎல்பி-1 இருக்கிறது. எக்சென்டின் வேறு மரபணுவிலிருந்து வருவது, அதே குடும்பத்தின் இன்னொரு கிளை.

அந்தப் பல்லியின் எச்சில் ஏன் மருந்தானது என்பதற்கு மறுபடியும் அந்த ஒன்பது எழுத்துகளுக்குத்தான் போக வேண்டும். நம் ரத்தத்தில் டிபிபி-4 என்ற நொதி இருக்கிறது. இரண்டாம் இடத்தில் அலனின் இருந்தால் முதல் இரண்டு எழுத்துகளையும் சேர்த்துக் கத்தரித்துவிடும். அதனால் ஜிஎல்பி-1 சுரந்த இரண்டே நிமிடத்தில் பாதி காலி. எக்சென்டினில் இரண்டாம் இடத்தில் கிளைசின், நொதியால் ஒன்றும் செய்ய முடியாது. 2005-ல் அது எக்செனடைடு என்ற பெயரில் மருந்தாக அனுமதி பெற்றது. செமாகுளுடைடிலும் மாற்றியது அந்த இரண்டாம் இடத்தைத்தான், அதோடு ஒரு கொழுப்பு அமில வாலையும் ஒட்டவைத்து ரத்தத்தின் ஆல்புமின் என்ற புரதத்தில் தொங்கிக்கொள்ளச் செய்தார்கள், அதனால்தான் வாரத்துக்கு ஒரு ஊசி போதும்.

இன்னொரு வழி, ஹார்மோனைத் தொடாமல் கத்தரிக்கும் நொதியையே கட்டிப்போடுவது. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் என்று நம் ஊர் மருந்துக் கடைகளில் பட்டை பட்டையாக விற்கிற மாத்திரைகள் எல்லாம் அதுதான். என் பெரியப்பா பல வருடமாக டெனெலிகிளிப்டின் சாப்பிடுகிறார். அவருடைய குடல் சுரக்கும் ஜிஎல்பி-1-இன் இரண்டாம் எழுத்தைக் காப்பாற்றத்தான் அந்த மாத்திரை என்று சொன்னபோது, "ஒரு எழுத்துக்கா இவ்வளவு?" என்று கேட்டார். ஆமாம் பெரியப்பா, அந்த ஒரு எழுத்துக்குத்தான்.

கடைசியாக ஒரு விஷயம். குடலில் குளுக்ககான் ஒரு பெரிய துண்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது என்றேன் அல்லவா, அந்தத் துண்டிலிருந்து ஆக்சின்டோமாடுலின் என்ற 37 எழுத்து ஹார்மோனும் வருகிறது. குளுக்ககானின் 29 எழுத்துகள் அப்படியே, பின்னால் எட்டு எழுத்து வால். அது ஜிஎல்பி-1 ஏற்பியையும் தட்டும், குளுக்ககான் ஏற்பியையும் தட்டும். எடை குறைக்கும் மருந்தில் சர்க்கரை ஏற்றும் குளுக்ககானைச் சேர்ப்பதா என்று முன்பு கேட்டிருப்பார்கள். ஆனால் குளுக்ககான் கல்லீரலில் கொழுப்பை எரிக்கவும் உடம்பு செலவழிக்கும் ஆற்றலைக் கூட்டவும் செய்கிறது. இப்போது சோதனையில் இருக்கும் ரெட்டாட்ருடைடு என்ற மருந்து ஜிஎல்பி-1, ஜிஐபி, குளுக்ககான் ஆகிய மூன்றின் ஏற்பிகளையும் ஒரே மூலக்கூறால் தட்டுகிறது. அதன் சோதனை முடிவுகள் வரும்போது எடை எத்தனை கிலோ குறைந்தது என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். நான் அதன் வரிசையை எடுத்து குளுக்ககானுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டாம் இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.